வேரைக் காக்கும் பாக்டீரியாக்கள்: நஞ்சுக்கு மாற்று மண்ணிலேயே உள்ளதா?

சிட்னி நகர மையத்திலிருந்து மேற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், டூங்காபிக்கும் பெண்டில் ஹில்லுக்கும் அருகே அமைந்துள்ளது கிரவீன். பழங்குடி மக்களின் மொழியில் மலர்கள் நிறைந்த இடம் என்று பொருள்படுவதாகக் கூறப்படும் இந்தப் புறநகர், தேர்வின் மூலம் மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் அதன் உயர்நிலைப் பள்ளியின் காரணமாகத் தமிழ்ப் பெற்றோரிடையே நன்கு அறியப்பட்டது. இலங்கையிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்து இப்பகுதியில் குடியேறிய குடும்பங்களின் வீட்டுக் கொல்லைகளில், டிசம்பர் முதல் மார்ச் வரையிலான கோடைக் காலத்தில் கத்தரி, வெண்டை, மிளகாய், தக்காளி, பாகல், பயற்றங்காய் ஆகியவை வளர்வதைக் காணலாம்.

இத்தோட்டங்களில் ஒரு காட்சி அவ்வப்போது காணக் கிடைக்கிறது. நன்றாக வளர்ந்துகொண்டிருந்த தக்காளிச் செடி, காரணம் தெரியாமல் பகல் வெயிலில் வாடத் தொடங்குகிறது. தண்ணீர் ஊற்றினால் மாலையில் நிமிர்கிறது. மறுநாள் மீண்டும் வாடுகிறது. இலைகள் வெளிறுகின்றன, காய்கள் சிறுக்கின்றன. உரம் இட்டும் பயனில்லாமல் செடியைப் பிடுங்கிப் பார்க்கும்போதுதான் உண்மை தெரிகிறது: வேர் முழுவதும் சிறு கிழங்குகளைக் கோத்தது போன்ற முடிச்சுகள்.

கோவை, திண்டுக்கல் மாவட்டங்களின் காய்கறி விவசாயிகளுக்கும் இந்த முடிச்சுகள் புதியவை அல்ல. கொல்லைத் தோட்டக்காரருக்கு இது ஒரு பருவத்தின் ஏமாற்றம். கடன் வாங்கிப் பயிர் செய்தவருக்கோ ஆண்டு வருமானத்தின் இழப்பு. இதற்குத் தீர்வாக அரை நூற்றாண்டுக் காலம் மண்ணில் கொட்டப்பட்ட நஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக விலக்கப்பட்டுவரும் நிலையில், மண்ணிலேயே வாழும் சில பாக்டீரியாக்கள் அவற்றின் இடத்தை நிரப்பக்கூடும் என்ற நம்பிக்கை வளர்ந்துள்ளது. அந்த நம்பிக்கைக்கு எவ்வளவு ஆதாரம் உள்ளது, அதன் வரம்புகள் எவை என்பதே இங்கு எழும் கேள்வி.

முடிச்சுக்குள் இருப்பது என்ன?

வேரில் முடிச்சுகளை உண்டாக்குவது வேர்முடிச்சு நூற்புழு. மெலாய்டோகைன் என்பது இதன் அறிவியல் பெயர். மண்புழுவுக்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது. முட்டையிலிருந்து வெளிவந்து வேரைத் தேடிச் செல்லும் இதன் இளம்புழு, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான நீளம் கொண்டது. நுண்ணோக்கியின் உதவியின்றி இதனைக் காண இயலாது.

வேரின் நுனிக்கு அருகே துளைத்து உள்ளே நுழையும் இளம்புழு, நீரும் உணவும் செல்லும் குழாய்களுக்கு அருகே ஓரிடத்தில் நிலைகொள்கிறது. அங்கு அது செலுத்தும் சுரப்புகள், செடியின் சில உயிரணுக்களை இயல்பைவிடப் பன்மடங்கு பெரிதாக வீங்கச் செய்கின்றன. அந்த ராட்சத உயிரணுக்களே புழுவுக்கு வாழ்நாள் முழுவதும் உணவு வழங்கும் களஞ்சியங்கள். சுற்றியுள்ள திசுக்களும் பெருகி முடிச்சாகின்றன. செடி தன் இலைகளில் தயாரித்த உணவின் ஒரு பகுதி புழுவுக்குச் செல்கிறது. மண்ணிலிருந்து மேலே செல்லவேண்டிய நீரோ தடைப்படுகிறது.

முதிர்ந்த பெண்புழு பேரிக்காய் வடிவில் பருத்து, நகராமல் அங்கேயே தங்கி, பசை போன்ற உறைக்குள் பல நூறு முட்டைகளை இடுகிறது. பரவலாகக் காணப்படும் இனங்களில் இதற்கு ஆண்புழு தேவைப்படுவதில்லை. மண்ணின் வெப்பம் 27 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும்போது, ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது தொடங்கிவிடுகிறது. நான்கு மாதம் நிலத்தில் நிற்கும் ஒரு கத்தரிச் செடியின் வேரில் சில தலைமுறைகள் பெருக முடியும் என்பதே இதன் ஆபத்து. தாவர நூற்புழுக்கள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால், உலகின் முக்கியப் பயிர்களில் சராசரியாக 12.3 சதவீத விளைச்சல் இழப்பு ஏற்படுவதாக 1987-ஆம் ஆண்டில் வெளியான சர்வதேச மதிப்பீடு ஒன்று கூறியது.

சிட்னியில் தொடங்கிய ஆய்வு

இங்கிலாந்தின் பாதிரியாரும் தாவரவியலாளருமான மைல்ஸ் ஜோசப் பெர்க்லி, 1855-ஆம் ஆண்டில் வெள்ளரிச் செடிகளின் வேரில் இம்முடிச்சுகளைக் கண்டு முதன்முதலில் பதிவு செய்தார். தமிழகத்திலும் இதன் வரலாறு நீண்டது. நீலகிரியின் தேவாலாவில் தேயிலைச் செடிகளை இப்புழு தாக்கியிருப்பதை, பின்னாளில் கோவையின் கரும்பு ஆராய்ச்சியில் புகழ்பெற்ற சார்லஸ் ஆல்பிரட் பார்பர் 1901-ஆம் ஆண்டில் தெரிவித்தார். இந்தியாவில் வேர்முடிச்சு நூற்புழு பற்றிய முதல் பதிவாக இதுவே கருதப்படுகிறது.

இந்த வரலாற்றில் சிட்னிக்கும் முக்கிய இடம் உண்டு. அமெரிக்கரான நேதன் அகஸ்டஸ் காப் 1889-ஆம் ஆண்டில் சிட்னி வந்து, அடுத்த ஆண்டு நியூ சவுத் வேல்ஸ் வேளாண்மைத் துறையில் தாவர நோயியலாளராகச் சேர்ந்தார். வேர்முடிச்சு நோய் குறித்து அத்துறையின் இதழில் 1890-இலேயே அவர் எழுதினார். நூற்புழுக்களைப் பற்றிய படிப்புக்கு 'நெமட்டாலஜி' என்ற பெயரைப் பின்னாளில் வழங்கியவரும் இவரே.

காப் 1905-இல் ஆஸ்திரேலியாவை விட்டு ஹவாய்க்குச் சென்றார். அங்கு 1906-ஆம் ஆண்டில், ஒரு நூற்புழுவின் உடலுக்குள் நுண்ணிய வித்துக்கள் நிறைந்திருப்பதைக் கண்டார். அது ஏதோ ஓரணு உயிரினமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. அது உண்மையில் ஒரு பாக்டீரியா என்பது தெளிவாவதற்கு 1975-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கலிஃபோர்னியாவில் ரைன்ஹோல்ட் மேங்காவ் அதனை நிறுவினார். 1985-இல் அதற்குச் சூட்டப்பட்ட பாஸ்டூரியா பெனட்ரான்ஸ் என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. நூற்புழுவுக்கும் மண்ணிலேயே எதிரி உண்டு என்பதற்கான மிகத் தெளிவான சான்றாக அது அமைந்தது.

நஞ்சின் காலம்

ஆனால் அந்த எழுபது ஆண்டு இடைவெளியில் உலகம் வேறு பாதையில் சென்றுவிட்டது. டி.டி. எனப்பட்ட இரசாயனக் கலவையை மண்ணில் செலுத்தினால் நூற்புழுக்கள் மடிகின்றன என்று ஹவாயின் அன்னாசித் தோட்டங்களில் ஆய்வு நடத்திய வால்டர் கார்ட்டர் 1943-இல் அறிவித்தார். பூச்சிக்கொல்லியான டி.டி.டி.யிலிருந்து இது வேறுபட்டது. மலிவான, விரைவாகப் பயன் தரும் நூற்புழுக்கொல்லிகளின் காலம் அத்துடன் தொடங்கியது.

அதற்கான விலையைத் தொழிலாளர்கள் கொடுத்தனர். டி.பி.சி.பி. என்ற நூற்புழுக்கொல்லியைத் தயாரித்த கலிஃபோர்னியத் தொழிற்சாலை ஒன்றின் ஆண் தொழிலாளர்கள் பலர் மலடாகியிருப்பது 1977-இல் வெளிப்பட்டது. ஹவாய் அன்னாசி தவிர்ந்த பயன்பாடுகளுக்கு 1979-இல் அமெரிக்கா அதனைத் தடை செய்தது. மத்திய அமெரிக்காவின் வாழைத் தோட்டத் தொழிலாளர்கள் அதன் பாதிப்புகளுக்காகப் பல பத்தாண்டுகள் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கினர். அல்டிகார்ப் என்ற மற்றொரு நஞ்சு, அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்ட தர்பூசணிகளின் வழியே 1985-இல் கலிஃபோர்னியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை நோயுறச் செய்தது. 1984-இல் போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட் வாயுவே இந்த அல்டிகார்ப் தயாரிப்பிலும் பயன்படும் மூலப்பொருள்.

மண்ணைப் புகையூட்டிச் சுத்தப்படுத்திய மெத்தில் புரோமைடு, ஓசோன் படலத்தைச் சிதைப்பது என்பதால் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் கொண்டுவரப்பட்டது. குறிப்பிட்ட விதிவிலக்குகள் தவிர, வளர்ந்த நாடுகள் 2005-ஆம் ஆண்டிலும் வளரும் நாடுகள் 2015-ஆம் ஆண்டிலும் அதன் பயன்பாட்டைக் கைவிட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. எனினும், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஸ்ட்ராபெரி நாற்று உற்பத்தி செய்வோருக்கு 2005-க்குப் பின்னரும் பல ஆண்டுகள் விதிவிலக்குப் பெறப்பட்டு வந்தது. நஞ்சைத் தடை செய்வது ஒன்று. அதன் வேலையைச் செய்யக்கூடிய மாற்றைக் கண்டறிவது மற்றொன்று என்பதற்கு இது ஒரு சான்று.

பாக்டீரியா எவ்வாறு காக்கிறது?

வளமான மண் ஒரு கிராம் எடுத்தால் அதில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கும். வேரிலிருந்து கசியும் சர்க்கரையும் அமிலங்களும் அவற்றை ஈர்ப்பதால், வேரை ஒட்டிய மெல்லிய மண் அடுக்கில் அவை மேலும் நெருக்கமாக வாழ்கின்றன. நூற்புழுவின் இளம்புழு வேரை அடைய வேண்டுமானால் இந்த நெரிசலைக் கடந்தாக வேண்டும். பயிரைக் காக்கும் பாக்டீரியாக்கள் அந்த இடத்தில் மூன்று வழிகளில் செயல்படுகின்றன.

முதலாவது வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, விவசாயிகள் சுருக்கமாக 'சூடோமோனாஸ்' என்று அழைக்கும் சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ். இது வேரின் மேற்பரப்பில் குடியேறி, அங்கு கிடைக்கும் உணவையும் இடத்தையும் கைப்பற்றிக்கொள்கிறது. இதன் சில வகைகள் வெளியிடும் பொருட்கள் முட்டை பொரிப்பதைக் குறைக்கின்றன. இளம்புழுக்களைச் செயலிழக்கச் செய்கின்றன. இதைவிட முக்கியமானது, செடியின் சொந்த எதிர்ப்பாற்றலை இது முன்கூட்டியே தட்டி எழுப்புவதாகும். தடுப்பூசியுடன் இதனை முழுமையாக ஒப்பிட முடியாது. ஆயினும், தாக்குதல் வரும் முன்னரே செடி ஆயத்தமாகிறது என்ற அளவில் ஒப்புமை பொருந்தும்.

இரண்டாவது, பேசில்லஸ் குடும்பம். பேசில்லஸ் சப்டிலிஸ், பேசில்லஸ் ஃபர்மஸ் போன்றவை வறட்சியையும் வெப்பத்தையும் தாங்கும் உறங்குநிலை வித்துக்களை உருவாக்குகின்றன. எனவே பொட்டலத்தில் நீண்ட காலம் உயிருடன் இருக்கவும், விதையின் மேல் பூசப்பட்டு விற்கப்படவும் இவை ஏற்றவை. இஸ்ரேலில் உருவாக்கப்பட்ட பேசில்லஸ் ஃபர்மஸ் தயாரிப்பு ஒன்றைப் பன்னாட்டு நிறுவனமான பேயர் 2009-இல் வாங்கி, பின்னர் விதை நேர்த்திப் பொருளாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

மூன்றாவது, காப் கண்ட பாஸ்டூரியா. இது நூற்புழுவை நேரடியாகவே தாக்கும் ஒட்டுண்ணி. இதன் வித்துக்கள் மண்ணில் அசையாமல் காத்திருக்கின்றன. கடந்து செல்லும் இளம்புழுவின் தோலில் அவை ஒட்டிக்கொள்கின்றன. புழு வேருக்குள் சென்று உண்ணத் தொடங்கிய பின், வித்து முளைத்து அதன் உடலுக்குள் ஊடுருவுகிறது. பெண்புழு வளர்கிறது, ஆனால் முட்டையிடுவதில்லை. அதன் உடல் முழுவதும் பாக்டீரியாவின் வித்துக்களே நிறைகின்றன. ஒரே புழுவில் இருபது லட்சம் வித்துக்கள் வரை உருவாகக்கூடும். வேர் அழுகும்போது அவை மண்ணில் சேர்ந்து அடுத்த தலைமுறைப் புழுக்களுக்காகக் காத்திருக்கின்றன.

இவை தவிர, பாக்டீரியாவையே பயன்படுத்தாமல் அது உருவாக்கும் பொருளை மட்டும் பிரித்தெடுப்பதும் உண்டு. ஜப்பானிய மண்ணிலிருந்து சடோஷி ஓமுரா பிரித்த ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவிலிருந்து அவர்மெக்டின் மருந்துகள் பிறந்தன. மனிதரைத் தாக்கும் ஒட்டுண்ணிப் புழுக்களுக்கு எதிரான அந்தப் பணிக்காக ஓமுராவுக்கும் வில்லியம் கேம்பலுக்கும் 2015-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த அபமெக்டின், பயிர்களின் நூற்புழுக்களுக்கு எதிராகவும் பயன்படுகிறது. ஆனால் அது பூச்சிகளுக்கும் நீர்வாழ் உயிரினங்களுக்கும் நச்சானது. மூலம் இயற்கை என்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது.

கோவையின் பொடியும் பெங்களூரின் எருவும்

ஆய்வுக்கூடத்தில் குடுவைக்குள் வெற்றி பெற்ற பாக்டீரியாவை விவசாயியின் கைக்குக் கொண்டுசேர்ப்பதே இத்துறையின் மிகக் கடினமான பகுதி. இதில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆற்றிய பங்கு குறிப்பிடத்தக்கது. 1990-களில் அங்கு உருவாக்கப்பட்ட பி.எஃப்.1 என்ற சூடோமோனாஸ் வகை, டால்க் எனப்படும் மாவுக்கல் தூளுடன் கலந்து பொடியாக்கப்பட்டது. முகத்துக்குப் பூசும் பவுடருக்குப் பயன்படும் அதே கல்தான் இது. விலை மலிவு, கையாளுவது எளிது, குளிர்சாதனம் தேவையில்லை என்பன அதன் அனுகூலங்கள். முதலில் பூஞ்சை நோய்களுக்காக உருவான இப்பொடி, பின்னர் நூற்புழுக்களுக்கு எதிராகவும் பரிந்துரைக்கப்பட்டது.

ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் என்ற அளவில் விதை நேர்த்தி செய்வதும், ஹெக்டேருக்கு 2.5 கிலோ பொடியை 50 கிலோ மக்கிய தொழு உரத்துடன் கலந்து நிலத்தில் இடுவதும் பல்கலைக்கழகத்தின் வழக்கமான பரிந்துரைகள். இங்கு தொழு உரத்தின் பங்கு வெறும் கலப்புப் பொருளாக இருப்பது மட்டுமன்று. பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைக்கும் முறையில் இது மேலும் தெளிவாகத் தெரிகிறது. நன்மை தரும் நுண்ணுயிர்களைத் தொழு உரத்தில் கலந்து, நிழலில் ஈரம் காயாமல் சுமார் இரண்டு வாரம் வைத்திருந்து, அவை பெருகிய பின்னரே நிலத்தில் இட வேண்டும் என்கிறது அம்முறை.

சிறு விவசாயிக்கு இதில் ஒரு பொருளாதாரச் செய்தியும் உண்டு. பாதுகாப்புக்காக வாங்க வேண்டிய பொருள் சில கிலோ மட்டுமே. பெருக்கும் வேலை அவரது எருக்குழியிலேயே நடைபெறுகிறது. நாற்றங்காலில் இதனைப் பயன்படுத்துவது மேலும் சிக்கனமானது. சில சதுர மீட்டர் மண்ணைக் காத்தால், அங்கிருந்து செல்லும் ஆயிரக்கணக்கான நாற்றுகளும் காப்பாளரைத் தங்கள் வேரிலேயே சுமந்து நிலத்துக்குச் செல்கின்றன.

ஏன் எப்போதும் பலிப்பதில்லை?

ஆயினும் இந்தப் பொடியை இட்டும் பயனில்லை என்று கூறும் விவசாயிகள் உண்டு. அவர்கள் பொய் கூறவில்லை. இரசாயனம் ஒரு பொருள். பாக்டீரியா ஓர் உயிர். இரசாயனம் எந்த மண்ணிலும் ஏறத்தாழ அதே வேலையைச் செய்கிறது. உயிருக்கு உணவு, ஈரம், தகுந்த வெப்பம் ஆகியவை வேண்டும். இலைதழையோ எருவோ காணாத மண்ணில், கொதிக்கும் கோடையில் தூவப்படும் சூடோமோனாஸ் சில நாட்களிலேயே மடிந்துவிடக்கூடும். புதிதாக இடப்படும் பாக்டீரியா, ஏற்கெனவே அங்கு வாழும் பல கோடி நுண்ணுயிர்களுடன் போட்டியிட்டே இடம்பிடிக்க வேண்டும்.

காலமும் முக்கியம். வேருக்குள் புழு நுழைந்து முடிச்சுகள் தோன்றிய பின், வேரின் மேற்பரப்பில் வாழும் பாக்டீரியாவால் பெரிதாக எதுவும் செய்ய இயலாது. நோய் கண்ட பின் தரப்படும் மருந்தாக அன்றி, நடவுக்கு முன்னரே செய்யப்படும் ஏற்பாடாகவே இதனைக் கருத வேண்டும்.

பாஸ்டூரியாவின் சிக்கல் வேறு வகையானது. அது மிகுந்த தேர்வுத் தன்மை கொண்டது. ஒரு நூற்புழு இனத்தில் ஒட்டும் வித்து, மற்றோர் இனத்தில், சில வேளைகளில் அதே இனத்தின் மற்றொரு கூட்டத்தில்கூட ஒட்டுவதில்லை. மேலும், உயிருள்ள நூற்புழு இன்றி அதனை வளர்ப்பது நீண்ட காலம் இயலாததாக இருந்தது. ஆஸ்திரேலிய நூற்புழுவியலாளரான கிரஹாம் ஸ்டெர்லிங், வாக்டெல் என்பவருடன் இணைந்து 1980-இல் ஒரு வழியைக் காட்டினார். வித்துக்கள் ஒட்டிய புழுக்களைத் தக்காளி வேரில் வளரவிட்டு, பின்னர் அந்த வேரை உலர்த்திப் பொடியாக்கும் முறை அது. ஆய்வுகளுக்கு அது பெரிதும் உதவியது. வயல்களுக்கு வேண்டிய அளவைத் தயாரிக்கப் போதவில்லை. புழுவின்றிக் கலன்களில் வளர்க்கும் முறையை உருவாக்கிய அமெரிக்க நிறுவனம் ஒன்றை 2012-இல் சின்ஜென்டா வாங்கியது. அதன் பின்னர் வந்த தயாரிப்பும் சோயாவைத் தாக்கும் வேறொரு நூற்புழுவுக்கானதாகவே அமைந்தது. ஏழை நாடுகளின் கத்தரிக்கும் தக்காளிக்கும் இத்தகைய முதலீடுகள் எளிதில் வருவதில்லை.

நான்காவது காரணம் தரம். பொட்டலத்தில் எழுதப்பட்டுள்ள எண்ணிக்கையில் பாக்டீரியாக்கள் உயிருடன் உள்ளனவா என்பதை விவசாயி கண்ணால் பார்த்து அறிய முடியாது. டால்க்கில் கலந்த சூடோமோனாஸ் சில மாதங்களே தக்க எண்ணிக்கையில் இருக்கும். கடையின் தகரக் கூரைக்கடியில் அதுவும் குறையும். இந்தியாவில் பூச்சிக்கொல்லிகள் சட்டம் 1968-இன் கீழ் இத்தகைய தயாரிப்புகளும் பதிவு செய்யப்பட வேண்டும். எனினும் உயிரற்ற பொடிகளும், உயிரியல் மருந்து என்ற பெயரில் இரசாயனம் கலந்தவையும் விற்கப்படுவதாக நீண்ட காலமாகவே புகார்கள் உள்ளன. ஒரு முறை ஏமாந்த விவசாயி, அடுத்த முறை நல்ல பொடியையும் நம்புவதில்லை.

இலங்கை கற்றுத் தந்த பாடம்

இந்த வரம்புகளைக் கணக்கில் எடுக்காமல் ஓர் அரசு செயல்பட்டால் என்ன நேரும் என்பதை இலங்கை கண்டது. 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நாடு இரசாயன உரங்கள், பூச்சிக்கொல்லிகள் ஆகியவற்றின் இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தது. மாற்று ஏற்பாடுகள் தயாராக இருக்கவில்லை. நெல்லும் தேயிலையும் கடும் பாதிப்புக்குள்ளாகின. விவசாயிகள் வீதிக்கு வந்தனர். அதே ஆண்டு நவம்பரில் தடை விலக்கிக்கொள்ளப்பட்டது.

அதே காலப்பகுதியில் சீனாவிலிருந்து வரவழைக்கப்பட்ட இயற்கை உரத்தின் மாதிரிகளில், பயிருக்குத் தீங்கு செய்யும் எர்வினியா உள்ளிட்ட பாக்டீரியாக்கள் இருப்பதாக இலங்கையின் தாவரத் தொற்றுத் தடுப்பு அதிகாரிகள் தெரிவித்தனர். உற்பத்தி நிறுவனம் அதனை மறுத்தது. சரக்கு இறக்கப்படவில்லை, ஆயினும் இறுதியில் இலங்கை 67 லட்சம் டாலர்களைச் செலுத்த நேர்ந்தது. இயற்கை உரம், நுண்ணுயிர் உரம் என்ற சொற்கள் மட்டுமே உத்தரவாதம் ஆகிவிடாது என்பதையும், அவற்றைச் சோதிக்கும் ஆய்வுக்கூடமும் அதன் முடிவை மதிக்கும் நிர்வாகமும் வேண்டும் என்பதையும் இச்சம்பவம் உணர்த்தியது.

மண்ணுக்குள் ஏற்கெனவே உள்ள படை

பாக்டீரியாவைப் பொட்டலத்தில் வாங்கி இடுவது ஒரு வழி. மண்ணில் ஏற்கெனவே வாழும் எதிரிகளை வளரவிடுவது மற்றொரு வழி. ஸ்டெர்லிங்கும் அவரது சகாக்களும் குவீன்ஸ்லாந்தின் கரும்பு நிலங்களில் நடத்திய நீண்ட ஆய்வுகள் இந்த இரண்டாவது வழியை வலியுறுத்துகின்றன. அறுவடைக்குப் பின் சோகையை எரிக்காமல் நிலத்தின் மேல் பரப்பிவிடுவது, உழவைக் குறைப்பது, இடையே பயறு வகைகளைப் பயிரிடுவது ஆகியவற்றால் நூற்புழுக்களை இயற்கையாகவே அடக்கிவைக்கும் திறன் மண்ணில் கூடுவது தெரியவந்தது. பாஸ்டூரியாவும் அந்நிலங்களில் பரவலாக, யாரும் தூவாமலேயே வாழ்ந்துகொண்டிருந்தது.

இரு வழிகளும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. எருவும் இலைதழையும் உள்ள மண்ணில்தான் வாங்கி இடும் பாக்டீரியாவும் பிழைக்கிறது. இலங்கை அனுபவத்துடன் சேர்த்துப் பார்த்தால், மாற்றம் பருவம் பருவமாக, நிலம் நிலமாக நிகழ வேண்டியது என்பது புலனாகும்.

கிரவீன் தோட்டக்காரர் செய்யக்கூடியது

கிரவீன் உள்ளிட்ட மேற்குச் சிட்னிப் பகுதியின் இயற்கையான மண் பெரும்பாலும் கனத்த களிமண். வேர்முடிச்சு நூற்புழு மணற்பாங்கான மண்ணையே அதிகம் விரும்புகிறது. ஆனால் களிமண்ணில் வேலை செய்வது கடினம் என்பதால் பலர் உயரப் பாத்தி அமைத்து, மணல் கலந்த தோட்ட மண்ணை விலைக்கு வாங்கி நிரப்புகின்றனர். அதில் ஆண்டுதோறும் தக்காளி, கத்தரி, மிளகாய் என்று ஒரே குடும்பச் செடிகளை நடும்போது புழுவுக்குத் தடையற்ற விருந்து கிடைக்கிறது.

புழு தானாக ஓராண்டில் சிறு தொலைவே நகரும். தோட்டத்திலிருந்து தோட்டத்துக்கு அதைக் கொண்டுசெல்வது பெரும்பாலும் மனிதர்களே. அன்புடன் பரிமாறிக்கொள்ளும் மிளகாய் நாற்றின் வேர்மண்ணிலும், இரவல் வாங்கிய மண்வெட்டியிலும் அது பயணம் செய்கிறது. எனவே நாற்றை நடும் முன் வேரைப் பார்ப்பதும், கருவிகளைக் கழுவுவதும் முதல் பாதுகாப்பு. தாக்கப்பட்ட செடியின் வேரை உரக்குழியில் போடாமல் அப்புறப்படுத்த வேண்டும். பாத்தியில் மக்கிய எருவைத் தொடர்ந்து சேர்ப்பதும், கடுங்கோடையில் ஈர மண்ணை நிறமற்ற பாலித்தீன் விரிப்பால் நான்கு முதல் ஆறு வாரம் மூடிவைப்பதும், பயிரை மாற்றுவதும் பயன் தரும். பை மண்ணையும் எருவையும் கையாளும்போது முகக்கவசம் அணிவது அவசியம். அவற்றில் வாழக்கூடிய லெஜியனெல்லா லாங்பீச்சே என்ற பாக்டீரியா மனிதருக்கு நிமோனியாவை உண்டாக்கக்கூடியது என்ற எச்சரிக்கை ஆஸ்திரேலியாவில் பைகளிலேயே அச்சிடப்படுகிறது.

எதிர்ப்புத் திறன் கொண்ட தக்காளி வகைகளும் கிடைக்கின்றன. ஆனால் அவற்றின் காப்பு மண்வெப்பம் 28 டிகிரியைக் கடக்கும்போது தளர்ந்துவிடுகிறது. அத்துடன், அக்காப்பை மீறும் மெலாய்டோகைன் என்டெரோலோபி என்ற இனம் 2022-இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் பகுதியில் கண்டறியப்பட்டது. பழனிக்கு அருகேயுள்ள ஆயக்குடியின் கொய்யாத் தோட்டங்களைப் பாதித்துவரும் அதே இனம் இது.

இங்கு புலம்பெயர்ந்தோர் கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உள்ளது. ஊருக்குச் சென்று திரும்புகையில் நூறு ரூபாய் அளவில் கிடைக்கும் ஒரு சூடோமோனாஸ் பொட்டலத்தைப் பெட்டியில் வைத்துக்கொள்ளும் ஆசை எழலாம். உயிருள்ள நுண்ணுயிர்களையும், மண்ணையும், நடவுப் பொருட்களையும் உரிய அனுமதியின்றிக் கொண்டுவருவதை ஆஸ்திரேலியாவின் உயிரியல் பாதுகாப்புச் சட்டம் 2015 தடுக்கிறது. ஓரிடத்தில் நன்மை செய்யும் உயிர் மற்றோரிடத்தில் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை முன்கூட்டியே ஆராயாமல் கூற முடியாது என்பதும், பொட்டலத்துடன் ஒட்டிவரும் வேறு உயிர்கள் எவை என்பது தெரியாது என்பதும் அதற்கான காரணங்கள். ஆஸ்திரேலியாவில் நோய், புழு ஆகியவற்றைக் கட்டுப்படுத்துவதாகக் கூறி விற்கப்படும் நுண்ணுயிர்த் தயாரிப்புகள் அந்நாட்டின் பூச்சிக்கொல்லி ஒழுங்குமுறை அமைப்பின் பதிவைப் பெற வேண்டும். பொட்டலத்தில் அப்பதிவு எண்ணைத் தேடிப் பார்ப்பது நல்லது.

நஞ்சுகள் வெற்றி பெற்றதற்குக் காரணம் அவற்றின் வீரியம் மட்டுமல்ல. மண்ணைப் பற்றி எதுவும் அறியாமலேயே அவற்றைப் பயன்படுத்த முடிந்தது என்பதும்தான். பாக்டீரியாக்கள் அத்தகைய வசதியைத் தருவதில்லை. எந்தப் புழு, எந்த மண், எந்தப் பருவம் என்பதை அறிந்து பயன்படுத்துவோருக்கே அவை உழைக்கின்றன. அந்த அறிவைக் கொல்லைத் தோட்டக்காரர் ஓய்வு நேரத்தில் தேடிப் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் இரண்டு ஏக்கர் கத்தரியை நம்பி வாழும் விவசாயிக்கு அதனைக் கொண்டுசேர்ப்பது வேளாண் விரிவாக்க அலுவலர்களின் கடமை. அவர் வாங்கும் பொட்டலத்துக்குள் உயிர் இருப்பதை உறுதி செய்வது அரசின் கடமை. இவ்விரண்டும் நிறைவேறாத இடங்களில், பழைய நஞ்சுகளுக்கான கேள்வி சந்தையில் தொடர்ந்து இருந்துகொண்டே இருக்கும்.